ஊதா விளக்கில் காட்டிய துணி

அந்த மழையில் எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் துணி காயவில்லை, தேள்காரர் வீட்டைத் தவிர.

மற்றவர்கள் எல்லாம் ஈரத்துணியை நாற்காலி முதுகிலும் கதவு மேலும் போட்டுவைத்து, காலையில் எடுத்து முகர்ந்து, முகத்தைச் சுளித்து, அதையே உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனார்கள். நான் எங்கும் போகவேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் தைப்பவள் நான். வேலை மூட்டை மூட்டையாக வீடு தேடி வந்து விழும். ஈரக்காற்றில் ஊசி துருவேறி நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. நூல் கோர்க்க மிஷினை நிறுத்தும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பேச்சு காதில் விழும். ஒட்டுக் கேட்டேன் என்று சொல்லாதீர்கள். நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். நான் காதைப் பொத்திக்கொண்டாலும் அது விடாது.

சுவருக்கு அந்தப் பக்கம் தேள்காரர், அவர் மனைவி, மகள், மகளின் கைக்குழந்தை. மருமகனுக்குக் கப்பலில் வேலை. பெற்ற பிள்ளையை இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறான். மனைவியை நான் அக்கா என்பேன், அவரை அண்ணன் என்பேன். முகத்துக்கு நேரே யாரும் அவரைத் தேள்காரர் என்று கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் வேறு பேரும் கிடையாது.

தொழிலில் அவர் ஏசி மெக்கானிக். ஒரு கல்குவாரி ஆபீஸில் ஏசி மாட்டப் போன இடத்தில், வெடி வைத்துப் பிளந்த பாறைக்கு அடியிலிருந்து கறுப்பு உடம்பும் தேன் நிறக் கால்களுமாகச் சில தேள்கள் ஓடியிருக்கின்றன. இவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி அதில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஆராய்ச்சிக்கூடத்து அம்மா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு தேள் இருப்பதே இதுவரை யாருக்கும் தெரியாது என்றார். கொஞ்ச நாளில் அந்தக் குன்றே ஜல்லியாகி லாரி ஏறிப் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த இனத்துக்கு உலகத்தில் இருந்த இடம், தெரிந்தவரை, அண்ணன் வீட்டுப் பின்னறைதான்.

"வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட மனுஷன்," என்பாள் அக்கா. எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவையும் அவர் மறுத்ததில்லை.

அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. குவாரியில் இந்தத் தேள் கொட்டிய தொழிலாளி ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போயும் பிழைக்கவில்லை. அங்கே இருந்த மருந்து வேறு தேளுக்குச் செய்தது. இதற்கென்று மருந்து செய்ய வேண்டுமானால் இதன் விஷம் வேண்டும். விஷம் வேண்டுமானால் தேள் நிறைய வேண்டும். ஆனால் அவரிடம் இருந்தவை பெருகவில்லை. ஒரு தாய் முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ டிரில் போட்டார்கள். அதிர்ச்சியில் தன் குஞ்சுகளைத் தானே தின்றுவிட்டது. இன்னொன்று மூட்டுக்கு மூட்டு உண்ணி பிடித்துச் செத்தது. கடைசியில் ஆண்கள் மூன்று, பெண் ஒன்றே ஒன்று. அதுவும் வயதுக்கு வராத பெண். இன்னும் ஒரே ஒரு தடவை சட்டை உரித்தால் முழுத் தேளாகிவிடும், ஜோடி சேர்க்கலாம் என்று அண்ணன் காத்துக்கொண்டிருந்தார்.

அக்கா அதற்கு மகராணி என்று பேர் வைத்திருந்தாள். "என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட இப்படிக் காத்துக்கிடக்கல இவரு. எனக்கு ஒரு மாப்பிள்ளை கப்பல்ல, மூணு மாப்பிள்ளை டப்பாவுல."

அந்தப் பின்னறை எப்போதும் கதகதப்பாக இருக்கும். பழைய ஃப்ரிட்ஜில் இருந்து கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு பல்போடு சேர்த்து, குளிர்ந்தால் எரிகிற மாதிரி, சுட்டால் அணைகிற மாதிரி அவரே செய்திருந்தார். ஒரு மூலையில் தேளுக்கு இரையாகிற சில்வண்டுகள் வாளியில் கத்திக்கொண்டே கிடக்கும். மழை விடாமல் பிடித்துக்கொண்டதும், குழந்தைத் துணியெல்லாம் சொதசொதவென்று கிடக்க, அக்காவே அந்த அறையில் ஒரு கயிறு கட்டினாள். தேள் அறையில் குழந்தைத் துணியா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒண்ணும் ஆகாது," என்றாள் அக்கா. "விளக்குல காட்டாம ஒரு துணி வெளிய வராது."

அந்த விளக்கு, கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த ஊதா விளக்கு. இருட்டில் அதைக் காட்டினால் தேள் பச்சைப்பசேல் என்று மின்னும். ஒரு கால் நுனி வெளியே தெரிந்தாலும் போதும், காட்டிக் கொடுத்துவிடும். அண்ணன் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, ஒவ்வொரு துணியாக உதறி, முன்பக்கம் பின்பக்கம் விளக்கில் காட்டி, மடித்து, கதவு இடுக்கு வழியாக நீட்டுவார். அக்கா வாங்கிக்கொள்வாள். தேளைப் பற்றி அவர்கள் சண்டை போடாத நேரம் அதுதான். எனக்கும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. என் பிள்ளைகளின் காலுறைகளையும் கொடுத்து அங்கேதான் காயவைத்தேன்.

அன்றைக்கு மதியம் நான் வெறும் பன்னைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன். சுவர் வழியாக அக்காவின் குரல் வந்தது. அவள் சத்தம் போட்டால் நான் பயப்படமாட்டேன். அன்றைக்குத் தணிந்து பேசினாள். பன்னை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

பின்னறை வாசலில் அக்கா நின்றாள். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால். உள்ளே அண்ணன் மகராணியின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"நீயே வந்து பாரு," என்றாள் அக்கா என்னிடம். "வலையில ஓட்டை. என் கட்டைவிரல் போகும்."

பெட்டியின் மேல் மூடியில் பொருத்தியிருந்த வலையில் ஓரமாக ஒரு பொத்தல். அதன் விளிம்பெல்லாம் நைந்து நார் நாராக இருந்தது.

"கம்பி வலைதான் போட்டிருந்தேன்," என்றார் அண்ணன். "சட்டை உரிக்கிற நேரத்துக்கு ஈரம் அதிகமா வேணும். கம்பி துருப்பிடிச்சுக் கொட்டுது. அதான் நைலான் வலையா மாத்தினேன். சில்வண்டு ஒண்ணு உள்ளயே தங்கிப்போச்சு போல. அதுதான் கடிச்சிருக்கு. தேளு வலையக் கடிக்காதும்மா. அதுக்குக் கடிக்கிற பல்லு கெடையாது."

"யாரு கடிச்சா எனக்கென்ன? உள்ள இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"எப்படித் தெரியும்?"

அவர் எழுந்து போர்வையை இழுத்து ஜன்னலை மூடினார். விளக்கைப் போட்டார். பெட்டிக்குள், மரப்பட்டைக்கு அடியில், பச்சையாக ஒரு வால் வளைந்து தெரிந்தது. கொடுக்குகூடத் தெரிந்தது. நானும் பார்த்தேன், மகளும் பார்த்தாள்.

"பாத்தியா? காலையில பாத்தப்பவும் இதே இடம்தான். நாலஞ்சு நாளா இரை எடுக்கல. சட்டை உரிக்கப் போகுது."

"அப்ப மூடியத் திறந்து வேற டப்பாவுல போடுங்க. ஓட்டை இல்லாத டப்பாவுல."

"இப்பத் திறக்கக் கூடாது. சட்டை உரிக்கிறப்ப அசைச்சா பாதியில மாட்டிக்கிட்டுச் செத்துரும். இது செத்தா எல்லாம் போச்சு. மூணு ஆம்பளைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அப்ப கொளுத்துங்க."

"என்னம்மா பேசற நீ?"

"நான் பேசறதா? வீட்டுல பச்சப்புள்ள இருக்கு. பெட்டியில ஓட்டை இருக்கு. இந்தக் கடிக்கு மருந்து இல்லன்னு சொன்னது யாரு? நீங்கதானே? இத்தன வருஷமா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன். சரி, பொழப்புக்குப் போயிட்டு வந்து ஒரு மனுஷன் சீட்டாடறான், ஒருத்தன் குடிக்கறான், இவரு தேள் வளக்குறாருன்னு விட்டேன். இன்னைக்கு முடியாது."

அண்ணன் ஒரு டேப் சுருளை எடுத்து ஓட்டையை ஒட்டினார். மூடி அசையாதபடி விரல் நுனியால் மட்டும் அழுத்தினார். அவருக்கும் பயம் இருந்தது. மகராணி செத்துப்போகும் என்ற பயம்.

"ரெண்டு நாளு," என்றார். கெஞ்சினார் என்றே சொல்லவேண்டும். "ரெண்டே நாளு குடு. சட்டை உரிச்சதும் இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டிடறேன். அதுவரைக்கும் குழந்தை இங்க இருக்க வேணாம்."

"எங்க கொண்டு போறது, இந்த மழையில?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இதெல்லாம் கேக்கணுமா?" என்றேன்.

அப்படித்தான் குழந்தை என் வீட்டுக்கு வந்தது. துணி வெட்டுகிற பெரிய மேசையை ஒழித்து, அதன் மேல் மெத்தை விரித்தோம். மகள் பால் புட்டி, எண்ணெய், கிலுகிலுப்பை எல்லாம் கொண்டுவந்தாள். கடைசியாக அண்ணன் ஒரு பை நிறையக் காய்ந்த துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். சூடு ஆறாத துணிகள். குழந்தையின் தலையைத் தடவிவிட்டுச் சொன்னார்.

"எல்லாத்தையும் ரெண்டு தடவ விளக்குல காட்டிட்டேன். சுத்தமா இருக்கு."

மகள் அந்தப் பையிலிருந்து மேலாக இருந்த நாலைந்தை அப்படியே மடிப்புக் கலையாமல் எடுத்து மெத்தையில் அடுக்கிப் போட்டு, அதன் மேல் குழந்தையைக் கிடத்தினாள். சூடு இதமாக இருந்ததோ என்னவோ, அழுதுகொண்டிருந்த குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. அக்கா கீழே உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். நான் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், குடிக்கவில்லை.

"தேளுக்கு மணியம் குடுத்தா ஜாமத்துக்கு ஜாமம் கொட்டும்னு சொல்லுவாங்க," என்றாள். "எங்க வீட்டுல அதிகாரம் மட்டுமில்ல, தனி அறையே குடுத்தாச்சு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

மிஷினில் உட்கார்ந்து இரண்டு பைகூட முடித்திருக்கமாட்டேன். சந்தில் தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. அண்ணன். செருப்பு இல்லை, சட்டைப் பொத்தான் போடவில்லை, தலையெல்லாம் மழை. கையில் ஒரு காய்ந்த தேள் இருந்தது. தேள் இல்லை, தேளின் சட்டை. வாய்ப்பக்கம் பிளந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல், காகிதம்போல.

"துணியத் தொடாதீங்க!" என்று கத்தியவர், வாசலிலேயே குரலை அடக்கிக்கொண்டார். "யாரும் அசையாதீங்க. யாரும் துணியத் தொடாதீங்க."

"என்ன?" என்றாள் அக்கா.

"உரிச்சிட்டுது. எப்பவோ உரிச்சிட்டுப் போயிட்டுது. நான் பாத்தது சட்டையை. காலையில இருந்து கொஞ்சம்கூட அசையலயேன்னு பெட்டிய லேசாத் தட்டினேன். காத்துல ஆடுற மாதிரி ஆடுச்சு."

"போயிட்டுதுன்னா? நீங்கதான் துணியெல்லாம் விளக்குல—"

"புதுத் தோலு மின்னாதும்மா!" அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "உரிச்ச சட்டை மின்னும். உரிச்ச தேளு மின்னாது. தோலு இறுகறதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். இது எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் நான்தானே சொன்னேன்! விளக்குல காட்டிக் காட்டிப் பழகின கை... யோசிக்கவே இல்ல..."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் ஒரு காலை உதைத்தது.

அண்ணன் மேசை ஓரமாகக் குனிந்து, துணி மடிப்புகளுக்குப் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அது மாறியதும் எனக்குப் புரிந்துவிட்டது.

குழந்தையின் குதிகாலுக்கு அடியில், இரண்டாவது மடிப்பில், அது இருந்தது. எனக்குத் தெரிந்த கறுப்புத் தேள் இல்லை. வேகவைத்த முட்டையின் நிறத்தில், பால் மாதிரி, துணியோடு துணியாக. கொடுக்கு மட்டும் லேசாகப் பழுப்பு. குழந்தை இன்னொரு தடவை உதைத்தால் அதன் மேல்தான் உதைக்கும்.

"நான் கையக் குடுக்கறேன்," என்றார் அண்ணன் மெதுவாக. "கால் மேல படாம நடுவுல கையக் குடுக்கறேன். நான் 'எடு'ன்னதும் நீ குழந்தையத் தூக்கிடு. அதுக்கு முன்னாடி வேணாம்."

"அப்பா," என்றாள் மகள்.

"எடுன்னதும். சரியா?"

உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி, குதிகாலுக்கும் மடிப்புக்கும் நடுவில் நுழைத்தார். ஐந்து விரலையும் விரித்து அதை மூடினார். அவர் தோள் ஒருமுறை துள்ளியது. கை துள்ளவில்லை. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது, கை மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

"எடு."

மகள் குழந்தையை வாரிக்கொண்டு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள். குழந்தை வீறிட்டது. அக்கா அதற்குள் வாசலில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துவிட்டாள்.

"கைய எடுங்க!"

"அடிக்காத."

"கைய எடுங்கன்றேன்!"

"அடிக்காத. அது என்ன தப்பு பண்ணுச்சு? தப்பு பண்ணினது நான். டம்ளரக் கவுத்து மூடு. மெதுவா. இன்னும் பச்சை உடம்பு."

ஓங்கிய செருப்போடு அக்கா நின்றாள். பிறகு அதைப் போட்டுவிட்டு, ஆறிப்போன தேநீரைத் தரையிலேயே கொட்டி, அவர் கையை உருவ உருவ அந்த டம்ளரைக் கவிழ்த்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே இரண்டு இடத்தில் கொட்டியிருந்தது. வீக்கம்கூட இல்லை. ஆனால் வண்டி பிடித்து ஏற்றும்போதே அவர் வாயோரம் எச்சில் ஒழுகத் தொடங்கிவிட்டது. விரல்கள் தானாக ஆடின. "குளிருது," என்றார். எத்தனை போர்வை போட்டும் குளிருது என்றார்.

நான் டம்ளர் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மிஷின் பக்கம் போக மனம் வரவில்லை.

மறுநாள் காலை அக்கா வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. ஆராய்ச்சிக்கூடத்து அம்மா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாராம். இருக்கிற மருந்தைப் போட்டிருக்கிறார்கள், கேட்கவில்லை. வேறு இரண்டு மருந்து இருக்கிறது, எதைப் போடலாம் என்று முடிவு செய்ய, கொட்டிய தேளின் விஷத்தை எடுத்துப் பார்க்கவேண்டும், அது உயிரோடு வேண்டும்.

"பேசறாரா அக்கா?"

"நேத்து பேசினாரு. நாக்கு தடிச்சுப் போச்சு, ஒண்ணும் புரியல. மொதல்ல குழந்தைக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேட்டாரு. அப்புறம்தான் அது உயிரோட இருக்கான்னாரு." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத்தன வருஷத்துல, அது ரெண்டாவதா வந்தது நேத்துதான்டி."

பிறகு அவள் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊசியைச் சுட்டு ஓட்டை போட்டாள். அடியில் ஈரப் பஞ்சு வைத்தாள், பிழிந்து வைத்தாள், சொட்டு நீர் நிற்கக்கூடாது என்று. டம்ளருக்கு அடியில் அட்டையை நுழைத்து, ஒரு காலும் நசுங்காமல் அதை டப்பாவுக்கு மாற்றினாள். பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கற்றுவைத்திருந்தாள். டப்பாவை மடியில் வைத்து, குலுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வண்டியில் போனாள். தாய் பிள்ளையைக் கொண்டுபோகிற மாதிரிதான் போனாள்.

அவள் போய்ச் சேர்ந்தாள். விஷத்தைப் பார்த்தார்கள், மருந்தை மாற்றினார்கள். சாயங்காலம் அவர் போய்விட்டார்.

அவரைக் கொண்டுவந்த வண்டியிலேயே அந்த டப்பாவும் திரும்பி வந்தது. யார் அதைப் பின்னறையில் கொண்டுபோய் வைத்தார்கள் என்று தெரியவில்லை. சாவு வீட்டுக் கூட்டத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. கப்பல்காரன் போனில் அழுதான். மழை மட்டும், காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல விட்டுவிட்டது.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு ஆராய்ச்சிக்கூடத்து அம்மா வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறாங்க. அதுக்குள்ள ஒண்ண மட்டும் நான் முடிச்சுடணும். நீ கூட நில்லு, போதும்."

செருப்பைக் கையில் வைத்திருந்தாள். என்னைக் கேட்டால் நானே அடித்திருப்பேன்.

பின்னறையில் தெர்மோஸ்டாட் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. கதகதவென்று இருந்தது. கயிற்றில் என் பிள்ளையின் ஒற்றைக் காலுறை தொங்கியது. அக்கா அந்த டப்பாவை மேசையில் வைத்தாள். பஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருக்கும் போல, ஒன்றும் தெரியவில்லை.

"போர்வையப் போடு," என்றாள். "எங்க இருக்குன்னு பாத்துட்டுத் திறக்கணும். கைதவறி ஓடிடக் கூடாது."

ஜன்னலை மூடினேன். அவள் விளக்கைப் போட்டாள்.

டப்பா முழுவதும் பச்சையாக எரிந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அந்த அறையில் பார்த்ததில்லை. இடுக்கி, எட்டுக் கால், வாலின் ஒவ்வொரு கணு, கொடுக்கின் நுனி எல்லாம் முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், புதிதாக. மகராணி பஞ்சை விட்டு வெளியே வந்து நின்றது. பக்கத்துப் பெட்டிகளில் இருந்த மூன்று ஆண்களும் அதற்கு முன்னால் மங்கலாகத் தெரிந்தன.

அக்கா விளக்கைப் பிடித்தபடியே நின்றாள்.

"இதப் பாக்கத்தான் அந்த மனுஷன் காத்துக்கிடந்தாரு," என்றாள். "பாக்காமயே போயிட்டாரு."

அதனிடமே குனிந்து பேசினாள்.

"இப்ப மின்னுறியேடி. இப்ப இந்த மின்னு மின்னுறியே, பாவி. அன்னைக்கு ஒரு நாள் மின்னித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அதற்குமேல் அவளால் முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. நானும் அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம், இன்னும் என் வீட்டிலேயே படுத்திருந்த குழந்தை விழித்துக்கொண்டு சத்தம் போட்டது.

அக்கா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். விளக்கை அணைத்தாள். செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டு, குழந்தையைப் பார்க்கப் போனாள்.